தற்காலிக உறவின்மைச் சான்று

எங்கள் கல்லூரியில் முன்பெல்லாம் கணினி கெட்டுப்போனால் அடித்தளத்துக்கு இறங்கிப் போய் ஒரு கதவைத் தட்டுவோம். கர்ட் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக எழுந்து வருவான். கதவில் 'கணினிப் பழுது' என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கும். பிறகு டாக்டர் பிராட்லி வான் ஹார்ன் கணினிப் பிரிவுக்கு இயக்குநராக வந்தார். பழுது என்ற சொல் மனத்தைச் சோர்வடையச் செய்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அட்டை போனது. அந்த இடத்தில் கண்ணாடிக் கதவும், அதில் 'பயனர் மகிழ்ச்சி மையம்' என்ற எழுத்துகளும் வந்தன. கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. டிக்கெட் எண், அதாவது புகாரைப் பதிவுசெய்தால் கிடைக்கும் எண், இருந்தால் உள்ளேயிருந்து திறப்பார்கள். அன்று முதல் எங்கள் கல்லூரியில் எந்தக் கணினியும் பழுதாவதில்லை. சிலருக்கு மகிழ்ச்சி குறைகிறது, அவ்வளவுதான்.

கர்ட் என் கணவன். நான் இசைத்துறை அலுவலகத்தில் இருக்கிறேன். என் பெயர் ரோண்டா. ஆனால் கல்லூரியில் யாரும் என்னை அப்படி அறிமுகப்படுத்துவதில்லை. "மகிழ்ச்சி மையத்துக் கர்ட் இருக்காரே, அவரோட மனைவி" என்பார்கள். சொல்லும்போதே ஒரு சின்னப் பெருமூச்சு வரும். அதற்குக் காரணம் கர்ட்டின் குரல். தொலைபேசியில் அவன் பேசினால், மூன்று அத்தியாயம் தொலைத்துவிட்டு அழும் பேராசிரியை கூட அழுகையை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள் என்று சொல்கிறார்கள். சொல்கிறார்கள் என்றுதான் நானும் சொல்ல முடியும். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை.

மாலையில் வீடு திரும்பும்போது அவனிடம் மூன்று பேச்சுகள்தான் மிச்சமிருக்கும். 'ம்.' 'சரி.' 'சூப் இருக்கா?' மற்றதையெல்லாம் கல்லூரி தீர்த்துவிட்டு அனுப்பும். பனியைத் தள்ளிவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்றி, சூப் குடித்து, நாற்காலியில் சாய்ந்துவிடுவான். கெட்ட கணவன் இல்லை. காலியான கணவன்.

கணவன் இன்னொரு பெண்ணோடு பழகினால் அவள் யாரென்று பார்த்து வைத்துக்கொண்டு பொறாமைப்படலாம். நான் ஒரு கல்லூரி முழுவதன் மீதும் பொறாமைப்பட வேண்டியிருந்தது. தாவரவியல் துறையில் ஓய்வுபெறும் வயது தாண்டிய பேராசிரியர் ஒருவர், பாஸ்வேர்டை மறந்ததற்காகக் கர்ட் தன்னோடு அரை மணி நேரம் பேசியதைச் சாப்பாட்டு வரிசையில் என்னிடம் சொல்லிப் பூரித்துப்போனார். மறுநாள் நானும் என் பாஸ்வேர்டை மறந்து பார்த்தேன். பயனில்லை. விதி குறுக்கே நின்றது.

அது நான்காம் விதி, இரண்டாம் உட்பிரிவு. மையத்தில் வேலை செய்பவர் தன் உறவினரின் கணினியைத் தொடக்கூடாது. எப்போதோ ஒருவர் தன் மைத்துனிக்கு மட்டும் பெரிய திரை கொடுத்துவிட்டாராம். அதிலிருந்து வந்த விதி. கர்ட் விதிகளை மதிப்பவன். கல்லூரியின் எல்லா மேசைகளுக்கும் போயிருக்கிறான். என் மேசைக்கு மட்டும் வந்ததில்லை.

அடிக்கடி போகும் மேசை செலெஸ்ட்டுடையது. செலெஸ்ட் கல்லூரித் தலைவரின் செயலாளர். அவளுடைய கணினி முதல் நிலை. முதல் நிலைக் கணினி தும்மினால் ஆள் நேரில் போக வேண்டும். இசைத்துறை நான்காம் நிலை. எங்களுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்துத் தடுப்புக் கம்பி மட்டும்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் 'மகிழ்ச்சி வாரம்' கொண்டாடினார்கள். ஊழியர் எல்லோருக்கும் மஞ்சள் நிறத்தில், சிரித்த முகம் போட்ட ஒரு பென் டிரைவ் பரிசு. அதைக் கணினியில் எப்போதும் சொருகியே வைத்திருக்க வேண்டும்; அவ்வப்போது 'இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?' என்று திரையில் கேள்வி வரும். எல்லோரும் அதை இழுப்பறையில் போட்டார்கள். நான் சொருகினேன், கணவனின் அலுவலகம் கொடுத்த பொருளாயிற்றே என்று. செலெஸ்ட்டும் சொருகினாள். "கர்ட்டுக்கு நல்ல மார்க் போடணும்ல" என்றாள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை கணினியைப் போட்டேன். கறுப்புத் திரை. அதில் ஒரே வரி: துவக்க டிஸ்க் கிடைக்கவில்லை. அணைத்துப் போட்டேன். அதே வரி. மேசையைத் தட்டினேன், பக்கத்தில் தட்டினேன், கெஞ்சினேன். கிடைக்கவில்லை என்றே சொன்னது.

வெள்ளிக்கிழமை மாலை குளிர்காலக் கச்சேரி. அதற்கான நிகழ்ச்சிக் கையேடு முழுவதும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. கல்லூரியின் பொதுச் சேமிப்பில் நான்காம் நிலைத் துறைகளுக்கு இடமில்லை. பாடும் பிள்ளைகளின் பெற்றோர் பால் பண்ணைகளிலிருந்து பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். அச்சில் பிள்ளையின் பெயரைத் தேடி, விரலால் தடவிப் பார்த்து, கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். பாட்டு எப்படி இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள்.

மதியம் உணவுக்கூடத்தில் கர்ட்டின் மேசைக்குப் போய் எதிரே உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"டிக்கெட் போட்டியா?"

"புருஷன்கிட்ட சொல்றேன்."

"அதான் பிரச்சினை. என்கிட்ட சொல்லக்கூடாது."

"வீட்டுல சொல்லலாமா?"

"வீட்டுலதான் முக்கியமா சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தான்.

டிக்கெட் போட வேண்டுமென்றால் என் கணினித் திரையில் இருக்கும் சிரித்த முகத்தை அழுத்த வேண்டும். என் திரையில் ஒரு வரி மட்டுமே இருந்தது. எனவே நூலகத்துக்குப் போய் அங்கிருந்த கணினியில் டிக்கெட் போட்டேன். மாலைக்குள் ஒருவர் வந்தார், நூலகத்துக்கு. டிக்கெட் எந்தக் கணினியிலிருந்து வந்ததோ அதுதானே கெட்டது. அவர் நூலகத்துக் கணினியைச் சோதித்து, டிஸ்க் நலமாக இருக்கிறது என்று உறுதிசெய்து, திரையைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். டிக்கெட் மூடப்பட்டது. சேவை உங்களுக்கு மகிழ்ச்சி தந்ததா என்று கேட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அதை என் கணினியில் மட்டும்தான் திறக்க முடியும்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தது கர்ட்.

"மகிழ்ச்சி மையம். நான் கர்ட் பேசறேன். உங்க பேரைத் தெரிஞ்சுக்கலாமா மேடம்?"

அதுதான் அந்தக் குரல். வெதுவெதுப்பான, அவசரமே இல்லாத குரல்.

"கர்ட், நான்தான்" என்றேன்.

"சொல்லுங்க மேடம். பொறுமையா சொல்லுங்க."

அழைப்புகள் பதிவாகின்றன என்பதும், பெயரைச் சரிபார்க்கும் கட்டம் வரும்வரை அழைப்பவர் யாரென்று அவனுக்குத் தெரியக்கூடாது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஆறுதல் கட்டம் ஒன்று இருக்கிறது. நான் கறுப்புத் திரையைப் பற்றிச் சொன்னேன். அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு சொன்னான்: "காலையில வேலைக்கு வந்ததும் இப்படி ஆச்சுன்னா உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். ஒண்டியா சமாளிச்சிருக்கீங்க. இனிமே நான் இருக்கேன்."

பத்தொன்பது வருடத் திருமண வாழ்க்கையில் என்னிடம் அவன் சொல்லாத மூன்று வாக்கியங்கள் அவை. சுவரில் சாய்ந்துகொண்டேன். அடுத்து பெயர்க் கட்டம் வந்தது. ரோண்டா என்று சொன்னேன். "மன்னிக்கணும், உங்களை வேற ஒருத்தருக்கு மாத்தறேன்" என்றான். வேறொருவர் வந்து, கணினியோடு தொலைவிலிருந்து இணைந்து பார்ப்பதாகச் சொன்னார். ஓடாத கணினியோடு இணைய முடியவில்லை. 'பயனர் ஒத்துழைக்கவில்லை' என்று இரண்டாவது டிக்கெட்டும் மூடப்பட்டது.

மறுபடியும் அழைத்தேன். கையேட்டுக்காக என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் கேட்கும்வரை பேசிவிட்டு வைத்தேன். புதன்கிழமையும் அப்படியே. ஆறுதல் கட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். வீட்டுக்குப் போனால் அதே மனிதன் 'சூப் இருக்கா?' என்பான். தொலைபேசியில் பேசும் அந்த மேடத்தின் மீதே எனக்குப் பொறாமை வர ஆரம்பித்தது. அவளுக்கு என்ன குறை? அவள் கஷ்டத்தைக் கேட்க ஆள் இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை மதியம் செலெஸ்ட் என் அலுவலகத்துக்கு வந்தாள். அவள் கணினியிலும் திங்கட்கிழமை அதே வரி வந்ததாம். முதல் நிலைக் கணினியில் கோளாறு என்னவென்று யாரும் தேடுவதில்லை. உடனே புதிதாக ஒன்று கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கொண்டுவந்தது கர்ட்.

"என் மேசைக்கு அடியில முட்டி போட்டு உட்கார்ந்து ஒயரெல்லாம் மாட்டினார், பாவம். ஒயரை மாட்டிக்கிட்டே என் பூனைக்குக் கண்ணு சரியாச்சான்னு கேட்டார். ஞாபகம் வெச்சிருக்கார் பாரேன். நீ கொடுத்து வெச்சவ ரோண்டா."

கர்ட் என் முன்னால் முட்டி போட்டது ஒரே ஒரு தடவை. உறைந்த ஏரியின் மேல், பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிக்கும் குடிசைக்குள், கையில் மோதிரத்தோடு. எழுந்திருக்கும்போது பனியில் வழுக்கி, வாளியைத் தட்டிவிட்டான். எங்கள் வீட்டிலும் பூனை இருக்கிறது. அதன் பெயர் அவனுக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். வான் ஹார்ன் அன்பான மனிதர். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"உங்க மெஷின் டிஸ்க் இல்லைன்னு சொல்லுது. எங்க சொத்துப் பதிவேடு இருக்குன்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணுக்குத்தான் வருஷா வருஷம் தணிக்கை நடக்குது. நான் எதை நம்பணும்னு நீங்களே சொல்லுங்க."

டிஸ்க் இருக்கலாம், ஆனால் கணினி ஓடவில்லையே என்றேன்.

"அது கணினியோட கருத்து. ரோண்டா, நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஓடாத கம்ப்யூட்டர்லேருந்து இதுவரைக்கும் எங்களுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. சர்வே எடுத்துப் பாருங்க, எல்லாரும் மகிழ்ச்சி. முன்னாடி இங்க வெறுமனே பிரச்சினையைத் தீர்த்துக்கிட்டு இருந்தாங்க. தீர்ந்ததும் ஆளு போயிடுவாங்க. போனவங்களை எப்படி மகிழ்விக்கிறது?" என்றார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

கச்சேரி, பெற்றோர், பெயர்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவர் இளகினார். கர்ட்டை அனுப்ப முடியாதா என்று கேட்டேன். யோசித்தார். விதி உறவினருக்குத்தானே என்றார். உறவினர் இல்லையென்றால் விதி இல்லை. அதற்கு ஒரு வழி இருந்தது. அதன் பெயர் தற்காலிக உறவின்மைச் சான்று. கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் கணவன் மனைவி போல நடந்துகொள்வதில்லை என்று ஊழியர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

சாட்சிக்குச் செலெஸ்ட் வந்தாள். அவளுக்கு உதவும் மனசு. என்ன எழுத வேண்டும் என்று யாரையும் கேட்காமல் அவளே எழுதினாள்: ஒரே காரில் வருகிறார்கள், ஆனால் பேசிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. உணவுக்கூடத்தில் தனித்தனி மேசை. சென்ற வருடம் அவர்களுடைய திருமண நாளன்று கர்ட் என்னுடைய பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வான் ஹார்ன் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு வலுவான சாட்சியம் இதற்கு முன் வந்ததில்லை என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை கர்ட்டை அழைத்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மையத்தின் கையேடுகளைப் படிப்பது போலவே வரி விடாமல் படித்தான். செலெஸ்ட்டின் சாட்சியத்தை இரண்டு தடவை படித்தான்.

"சும்மா ஒரு சம்பிரதாயம், கர்ட். இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் இவங்க உனக்கு யாரும் இல்லை. அஞ்சு மணிக்கு மேல திரும்ப மனைவி. தானாவே புதுப்பிச்சுக்கும், நாங்க பார்த்துக்கறோம்" என்றார் வான் ஹார்ன்.

கர்ட் தாளின் அடியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ போட்டுட்டியா?"

"எனக்குக் கையேடு வேணும். சாயங்காலம் கச்சேரி."

அவன் பேனாவை மேசைமேல் வைத்தான். "என்னால முடியாது" என்றான். எழுந்து வெளியே போய்விட்டான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. செலெஸ்ட்டுக்கு முட்டி போட எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. எனக்காக ஒரு கையெழுத்து, அதுவும் மாலை ஐந்து மணிவரைக்கும் மட்டும், முடியாதாம். பனிக்காற்றில் வளாகத்தைக் குறுக்கே கடந்து அலுவலகத்துக்கு வந்தேன். பெயர்களையெல்லாம் நினைவிலிருந்து கையால் எழுதி நகலெடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

என் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"டார்ச் இருக்கா?" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"டிக்கெட் இருக்கா?" என்றேன்.

"இல்லை. புருஷனா வந்திருக்கேன். டார்ச்சைக் கொடு."

கொடுத்தேன். நானும் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன். கணினியின் முன்பக்கத்தில் வெளிச்சம் விழுந்தது. மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இதை நீ சொருகினியா?"

"நீங்கதானே கொடுத்தீங்க."

அவன் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினான். திரை கறுத்தது, வெளுத்தது, என் பெயரைச் சொல்லி வரவேற்றது. கையேடு அங்கேயே இருந்தது. பெயர்கள் எல்லாம் இருந்தன.

"சனி ஞாயிறுல அப்டேட் ஆகி மெஷின் தானா அணைஞ்சு எழுந்திருக்கு" என்றான் கர்ட். "எழுந்ததும் முதல்ல வெளியில என்ன சொருகியிருக்குன்னுதான் பார்க்கும். அங்க ஒண்ணும் கிடைக்கலைன்னா, டிஸ்க் இல்லைன்னு சொல்லிட்டு நின்னுடும். உள்ள இருக்கறதைத் தேடறதே இல்லை. அது பாட்டுக்கு உள்ள நல்லாத்தான் இருக்கும்."

"வெளியில இருக்கறதையே பார்த்துட்டு, உள்ள இருக்கறதை விட்டுடுமா?"

அவன் டார்ச்சை அணைத்தான்.

"நான் மெஷினைச் சொன்னேன்" என்றான்.

"நானும் மெஷினைத்தான் சொன்னேன்."

எழுந்திருக்கும்போது மேசையில் தலையை இடித்துக்கொண்டான். ஏரியில் வாளியைத் தட்டிவிட்டபோது பார்த்த அதே முகம். "அந்தத் தாள்ல இருந்தது பொய்யில்லை, ரோண்டா. அதனாலதான் கையெழுத்து போட முடியலை" என்றான். பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டான். பெயர் சொல்லித்தான் கேட்டான்.

கையேட்டை அச்சடித்து முடித்த நேரத்தில் மகிழ்ச்சி மையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அனுமதி இல்லாமல் ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டிருப்பதாக மையத்துக்குத் தெரிந்துவிட்டதாம். விதிப்படி கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மஞ்சள் பென் டிரைவைத் திரும்பச் சொருகி, அணைத்துப் போட்டு, கறுப்புத் திரையில் அந்த வரி வருவதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் நான் அதைப் பிடுங்கி, எல்லோரையும் போல இழுப்பறையில் போட்டேன்.

மாலையில் பெற்றோர் வந்தார்கள். பெயர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு சுமார்தான்.

கர்ட்டுக்குத் தண்டனை கிடைத்தது. தொலைபேசியிலிருந்து எடுத்து, அடித்தளத்துச் சரக்கறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பழைய கீபோர்டுகளைத் தூசி தட்டி அடுக்க வேண்டும். பேச ஆளே இல்லை. நாள் முழுவதும் ஒரு வார்த்தைகூடச் செலவாவதில்லை.

கல்லூரியில் துக்கம் கொண்டாடினார்கள். தாவரவியல் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். வான் ஹார்ன் அந்த வருடச் சிறந்த இயக்குநர் விருதை வாங்கினார். அவருடைய ஏற்புரையில் எங்கள் சம்பவம் 'உறவையும் தாண்டிய சேவை' என்று இடம்பெற்றது. செலெஸ்ட் என்னைப் பார்க்கும்போதெல்லாம், போனில் இப்போது ஒரு இயந்திரக் குரல்தான் வருகிறது என்று புலம்புவாள்.

கர்ட்டைச் சரக்கறைக்கு மாற்றிய அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஏரிக்கரை உணவகத்துக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனோம். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். காரில் ஏறியதிலிருந்து கர்ட் பேசிக்கொண்டே வந்தான். கீபோர்டுகளுக்கு அடியில் என்னென்ன கிடைக்கிறது, யார் யார் மேசையில் என்ன தின்றிருக்கிறார்கள், கணக்கியல் துறையில் யாருக்கு எலுமிச்சை மிட்டாய் பிடிக்கும் என்று. மீன் வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. பிறகு சட்டென்று நின்று, என் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு? பொறுமையா சொல்லுங்க மேடம்."

அந்தக் குரலில்தான் கேட்டான். நான் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டான். முட்டைக்கோஸ் சாலட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"வேற ஏதாவது உதவி வேணுமா? இல்லைன்னா டிக்கெட்டை மூடிடலாமா?"

"மூட வேண்டாம். திறந்தே இருக்கட்டும்" என்றேன்.

இரண்டு மேசை தள்ளித் தனியாக உட்கார்ந்திருந்த செலெஸ்ட், அந்தக் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்பினாள். கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். பொறாமை எவ்வளவு கஷ்டமான விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சமாகத்தான் சிரித்தேன்.